வெடேலியாவுக்கு வெடி

இந்த வீட்டில் ஒன்று அது இருக்க வேண்டும், இல்லை நான் இருக்க வேண்டும் என்று ஆதிமூலம் சபதம் போட்டது மாமியாரைப் பற்றி அல்ல. குழாயடியில் படர்ந்திருந்த ஒரு செடியைப் பற்றி.

அவர் சபதம் போட்டதே ஆச்சரியம். ஒரே மகள் எழிலரசி மூளைக்காய்ச்சலில் போனதிலிருந்து மனிதர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவர்தான். செங்கம் ரோட்டில் மோட்டார் காயில் கட்டும் கடை பூட்டிக் கிடந்தது. சவரம் இல்லை, பேச்சும் இல்லை. மனைவி பொன்னி தட்டை வைத்தால் கொறிப்பார், எடுத்தால் படுப்பார். பௌர்ணமி கிரிவலத்துக்கு ஊரே வாசலில் நடந்தாலும் எட்டிப் பார்க்கமாட்டார்.

அப்போதுதான் ஒருநாள் பொன்னி ஒரு கொத்துத் தழையோடு வந்து நின்றாள்.

"இன்னாங்க, குழாய்கிட்ட மஞ்சள் கரிசலாங்கண்ணி மொளைச்சிருக்கு. துவையல் அரைக்கப்போறேன்."

ஆதிமூலம் திரும்பிப் பார்த்தார்.

"பூ மஞ்சளா இருந்தா கரிசலாங்கண்ணி ஆயிடுமா? இலையைப் பாரு, மூணு மூக்கா வெட்டுப்பட்டிருக்கு. கரிசலாங்கண்ணி இலை நீட்டமா இருக்கும். அரைச்சுகிரைச்சுத் தொலைக்காதே."

"அப்ப இது இன்னா?"

தெரியவில்லை. பெயர் தெரியாததை வாய் நிறையத் திட்டவும் முடியவில்லை. தழையைப் பையில் போட்டுக்கொண்டு, மகளைக் கொண்டுபோன நாளுக்குப் பிறகு முதன்முறையாகத் தெருவைத் தாண்டி, நர்சரி மணிவேலிடம் போனார்.

"வெடேலியாண்ணே. லாட்ஜ்காரங்க புல்லுக்குப் பதிலா வெக்கிறது. கணுவுக்குக் கணு வேர் வுடும். ஒரு துண்டு தங்கினாலும் ஜாஸ்தியாயிடும்."

"வெடேலியாவா? வெடியே வெக்கிறேன்!"

"வெடி வேணாண்ணே. வேரோட கெல்லிக் காயவுடுங்க. அந்த எடத்தைக் கறுப்பு ஷீட் போட்டு மூடுங்க. திரும்பத் தலைகாட்டினா புடுங்கிக்கிட்டே இருக்கணும்."

மம்மட்டியோடு இறங்கினார் ஆதிமூலம். கெல்லினார், காயவைத்தார், மூடினார். துவைக்கிற கல் பக்கம் செடி எழுந்தது. அங்கே ஒழித்தார். மதிலோரம் சிரித்தது. மண்ணானதால் குளிக்க வேண்டி வந்தது. குனிந்து நிமிர்ந்ததில் பசித்தது. ஒருநாள் மறுசோறு கேட்டார். பொன்னி முகத்தைத் திருப்பிக்கொண்டு போட்டாள்.

ஒரு காலை மதிலோரம் புதிதாக வந்தவை சாண் இடைவெளியில் நேர் வரிசையில் நின்றன. செடிக்கு அளவெடுக்கத் தெரியுமா? கடைத்தெருவுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, சந்து வழியாகச் சுற்றிப் பின்பக்கமாக வந்தார். மதிலுக்கு மேலே பக்கத்து வீட்டு ரூபீனாவின் தலை. ஆசிரமத்துப் பக்கம் ஒரு லாட்ஜில் சமையல் வேலை அவளுக்கு.

"அக்கா, இன்னிக்கு இவ்ளோதான். மேனேஜர் மொறைக்கிறாரு" என்று ஒரு பையை நீட்டினாள். பொன்னி வாங்கினாள். பை நிறைய வெடேலியா.

ஆதிமூலம் கனைத்தார். ரூபீனாவின் தலை மறைந்தது.

"இன்னாடி இது?"

"செடி."

"நான் புடுங்கப் புடுங்க நீ நடறியா?"

"இன்னா பண்றது? நீங்க வேகமா புடுங்கறீங்க."

"முதுகு ஒடிஞ்சு போச்சுடி!"

"தெரியும். தைலம் தேச்சது நான்தானே."

பொன்னி மண் கையை முந்தானையில் துடைத்தாள். குரல் இறங்கியது.

"பொண்ணு எனக்கும்தாங்க போனா. அழுவலாம்னு வந்தா நீங்க செவுத்தப் பாத்துப் படுத்திருப்பீங்க. முதுகுகிட்ட எப்படிங்க அழுவறது? இதைத் திட்டறதுக்காவது வாயத் தொறந்தீங்க."

ஆதிமூலம் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். "எழிலு..." என்று ஆரம்பித்தார். பொன்னி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குழாயடியில் வாளி நிறைந்து வழிந்தது. யாரும் எழுந்துபோய் நிறுத்தவில்லை.

அழுது முடித்து, மூக்கைச் சிந்திக்கொண்டு அவர் எழுந்தார்.

"போதும். நாளைக்குக் கடையைத் தொறக்கறேன். இனிமே ஒரு துண்டு நடக்கூடாது, சொல்லிட்டேன்."

"சத்தியமா நடமாட்டேங்க" என்றாள் பொன்னி. "கடை வாசல்ல போன வாரமே நட்டாச்சு."