செட்ரிக் ஓல்ராய்ட் பீட்ரூட் ஜாடியொடு பொருத காதை

வாழ்க செட்ரிக் ஓல்ராய்ட்! மாதம் மும்மாரி போதாதென்று நாளுக்கு மும்மாரி பொழியும் தோர்ன்பெக் நகரில், மேட்டுத் தெருவில், ஆலைப்புகை குடித்துக் கறுத்த கல்வீட்டு வரிசையின் கடைசி வீட்டுக்கு அதிபதியே, வாழ்க! முப்பதாண்டு காலம் ஓட்டுநர் உரிமத் தேர்வாளராய்ப் பக்கத்து இருக்கையில் வீற்றிருந்து, கூர்சீவிய பென்சில் ஒன்றையே வேலாக ஏந்தி, ஊரில் பாதிப் பேரைத் தோற்கடித்த தோலா வீரரே! ஊர்ப் பாதிரியாரை மும்முறை வீழ்த்திய வித்தகரே! சொந்த மைத்துனனை வட்டச் சந்தியில் வீழ்த்தி, அதன் பயனாய் ஆயுள் முழுவதும் கிறிஸ்துமஸ் விருந்தை இழந்தும் மீசை துடிக்காத திண்ணியரே! பால்வண்டி ஓட்ட வந்த பையன் பின்கண்ணாடி பார்க்கவில்லை என்பதற்காக, அவன் கண்ணீரைத் தாம் பார்த்தும் இரங்காத நீதிமானே! எண்பத்திரண்டு அகவையிலும் கழுத்துப்பட்டை அணியாமல் காலை உணவுக்கு அமராத நும் புகழ் பாடப் புகுந்தோம்.

தகர மூடிகளை மானுடக் கை திறக்கவொண்ணாதபடி முறுக்கி அனுப்பும் ஆலை எந்திரத்துள் உறையும் கொடுந்தெய்வமே, இக்காதை இடையில் இறுகிவிடாமல் நீ காப்பாயாக!

இரண்டு குளிர்காலங்களுக்கு முன் படையெடுத்து வந்த பக்கவாதம், இம்மாவீரரின் இடக்கையை மட்டும் கப்பமாய்க் கொண்டு, மற்றதைப் போனால் போகிறதென்று விட்டுச் சென்றது. அன்றுமுதல் அக்கை, ஓய்வுபெற்ற குமாஸ்தாவைப்போல் மடியில் கிடந்து, கூப்பிட்டால் சற்றே அசைந்து, மீண்டும் கண்ணயர்ந்தது. கால்கள் நடந்தன, ஆயினும் ஒவ்வோர் அடிக்கும் முன்னே மந்திராலோசனை நடத்தின. மனைவியோ முன்னமே மறைந்துவிட்டாள். மகன் நியூசிலாந்தில் இருந்தான், அதாவது இல்லை.

இந்நிலையில் துணைப்படை அனுப்பியது தோர்ன்பெக் அண்டையர் துணைச் சங்கம். நகரமன்றம் பிச்சையாய் இடும் பணத்திலும் சனிக்கிழமை கேக் விற்ற காசிலும் உயிர் வாழும் அச்சங்கம், முதியோரும் உடல் இயலாதோரும் தத்தம் வீட்டிலேயே தம் விருப்பப்படி வாழவேண்டும் என்னும் பேரறத்தைத் தலைமேற்கொண்டது. குளியலறையில் கைப்பிடிக் கம்பி நாட்டியது. வாசற்படிக்குச் சரிவுப் பலகை இட்டது. கடைத்தெருவுக்குச் சிறு வேன் ஓட்டியது. நம் வீரரோ அக்கம்பியை இறுகப் பிடித்தபடியே கம்பி எதற்கென்று முழங்கினார். வேனில் ஓட்டுநருக்குப் பின்னிருக்கையைக் கைப்பற்றி, இறங்குமிடத்தில் அவன் வழிநெடுகச் செய்த பிழைகளை வரிசை பிசகாமல் அறிவித்தார். எல்லா உதவியையும் பெற்றுக்கொண்டார். பெற்ற ஒவ்வொன்றையும் இகழ்ந்தார். நன்றி என்னும் சொல்லை ஒரு முறை சொன்னதாக வதந்தி உண்டு. அது தும்மலாகவும் இருந்திருக்கலாம்.

சங்கம் அனுப்பிய சேனையில் தலையாயவள் பெவர்லி. ஐம்பதைக் கடந்தவள், அகன்ற தோளும் அதனினும் அகன்ற குரலும் உடையவள். செவ்வாயும் வெள்ளியும் வந்து, அவரைக் குளிப்பாட்டி, காலுறை மாட்டி, நகம் வெட்டி, ஜாடிகளையும் டப்பாக்களையும் திறந்துவைத்து, ஊரில் யார் யாரை விட்டு யாரோடு போனார்கள் என்பதையும் கட்டணமின்றி விளம்பிச் செல்வாள்.

"என்னை ரெண்டு தடவ ஃபெயில் பண்ணின மனுஷனுக்கு நகம் வெட்டணும்னு என் தலையெழுத்து."

"மூணு தடவ. முதல் தடவ நீ கைபிரேக்க எடுக்காமலே ஓட்டினே. அத நீ மறந்துட்டே, நான் மறக்கல."

"கத்திரிக்கோல் யார் கையில இருக்குன்னு பாத்துப் பேசுங்க கண்ணு."

இவ்வாறு இருவரும் வாரம் இருமுறை பொருதனர். மற்ற ஐந்து நாளும் அவ்வீட்டில் பேசியது வானொலி ஒன்றே. செவ்வாயும் வெள்ளியும் விடியும்போது, ஒற்றைக் கையால் மாட்டக் கொக்கி வைத்த கழுத்துப்பட்டைகளுள் நல்லதாய் ஒன்றை அவர் தேடி எடுப்பார். ஏன் என்று கேட்டால் சண்டைக்கு வருவார்.

அந்தோ! நகரமன்றத்தின் கருவூலம் வற்றியது. கருவூலம் வற்றிய மன்னர் அனைவரும் செய்வதையே நகரமன்றமும் செய்தது: ஏழைகளை எண்ணத் தொடங்கியது. வீடு வீடாய் ஒரு தேர்வாளரை அனுப்பி, எவருக்கு உதவி உண்மையில் தேவை என அளந்தறியுமாறு ஆணையிட்டது. அவ்வாணையின் நுட்பம் வியக்கத்தக்கது. தம் காரியத்தைத் தாமே செய்ய முடிந்தவருக்கு உதவி தேவையில்லை, ஆகவே நிறுத்தப்படும். செய்யவே முடியாதவர் தனித்து வாழத் தகுதியில்லை. ஆகவே முதியோர் விடுதிக்கு அனுப்பப்படுவார். இருபுறமும் படுகுழி. நடுவே ஓடும் மயிரிழைப் பாலத்தில், முடியும் முடியாது என்று இரண்டும் கெட்டானாய்த் தள்ளாடத் தெரிந்தவருக்கே பெவர்லி.

தேர்வு நாளின் காலையில் அப்பெண்மணி முன்கூட்டியே வந்து, போருக்கு முன் படைத்தலைவன் ஓதும் உபதேசத்தை ஓதினாள்.

"இங்க பாருங்க கண்ணு. இன்னிக்கு ஒரு நாள் உங்க பெருமைய அலமாரில வெச்சுப் பூட்டுங்க. எழுந்திருக்கச் சொன்னா தடுமாறுங்க. கெட்டில தூக்கச் சொன்னா கனம்னு சொல்லுங்க."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"பொய் இல்ல. உங்க மோசமான நாள் எப்படி இருக்குமோ அப்படி இருங்க. கோடித் தெரு மிஸஸ் கிரெசி என்ன பண்ணினாங்க? வந்த பொண்ணுக்கு டீ போட்டு, கேக்கும் வெட்டிக் குடுத்தாங்க. அவ்ளோதான், எல்லாத்தையும் நிறுத்திட்டாங்க. இப்ப ஒரே கவுன வாரம் பூரா போட்டுக்கிட்டு இருக்காங்க."

"அப்ப கீழ விழுந்து காட்டட்டுமா?"

"ஐயோ, அதுவும் வேணாம். ரொம்ப விழுந்தா ஹோமுக்கு அனுப்பிடுவாங்க. நடுவுல நில்லுங்க. உங்களால ஒரு நாளைக்கு நடுவுல நிக்க முடியுமா?"

வெள்ளிக்கும் செவ்வாய்க்கும் இடையே உள்ள பெருவெளி நம் வீரருக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலின் நீளத்தை அவரைப்போல் அளந்தவர் அந்நகரில் எவருமிலர். கடைசியில், "நிக்கிறேன்" என்றார். நஞ்சுண்ட முகத்தோடு சொன்னார்.

வந்தாள் ஜெம்மா ஃபர்த். கழுத்தில் அடையாள அட்டை, கையில் அட்டைப்பலகை, அதில் செருகிய பேனா, இதழில் பால்வாடிப் பிள்ளைகளுக்கெனச் சமைத்த புன்னகை. தான் பிறக்குமுன்பே பேனாவும் பலகையுமாய் ஊரை நடுங்கவைத்த ஒருவரின் முன்னே அமர்கிறோம் என்பதை அப்பேதை அறியாள்.

முதற்போர் நாற்காலியோடு. எழுந்து நிற்கச் சொன்னாள். வீரர் ஒரு கையை ஊன்றி, முக்கி, முனகி, பாதி எழுந்து, தொப்பென்று விழுந்தார். பெவர்லி நாடக ஆசிரியையின் பெருமிதத்தோடு தலையசைத்தாள். தொடங்கும்போது நடிப்பாய் இருந்த அது, பாதியில் நடிப்பல்லாததாய் மாறியதை அவர் எவரிடமும் சொல்லவில்லை. இரண்டாம் போர் கெட்டிலோடு. "கனமா இருக்கு" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். இவ்விரு தோல்வியையும் இனிதே தோற்று, வெற்றியின் விளிம்பில் நின்றார் அவர். இன்னும் ஒரே ஒரு தோல்வி தோற்றால் போதும்; பெவர்லி நிலைபெறுவாள்.

ஜெம்மா அலமாரியைத் திறந்து, பிஸ்கட் டப்பாவின் பின்னே பதுங்கியிருந்த ஒரு ஜாடியை எடுத்து மேசைமேல் வைத்தாள். காடியில் ஊறிய பீட்ரூட் ஜாடி! இருண்ட செந்நிற வயிறும் பொன்னிறத் தகர முடியும் தரித்து, சென்ற கிறிஸ்துமஸ் தொட்டு எவருக்கும் தலைவணங்காமல் கோட்டைக்குள் கொலுவிருந்த குறுநில மன்னன் அது.

"இதத் திறக்க முடியுமான்னு பாருங்க மிஸ்டர் ஓல்ராய்ட். முடியலைன்னா பரவால்ல. யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க." சொல்லிக்கொண்டே அவள் பேனா பலகையின்மேல் ஒரு சிறு கோடு கிழித்தது.

முப்பதாண்டுத் தேர்வாளரின் கண், தலைகீழ் எழுத்தையும் நேரெழுத்தாய்ப் படிக்க வல்லது. "முடியாது" என்ற கட்டத்தில் அவள் குறியிட்டிருந்தாள்.

"என்னம்மா எழுதினே?"

"ஒண்ணுமில்ல, சும்மா குறிச்சுக்கிட்டேன்."

"நான் இன்னும் ஜாடியத் தொடவே இல்லியே."

"நேரம் மிச்சமாகுமேன்னுதான்…"

பெவர்லி இருமினாள். நெஞ்சு பிளக்க இருமினாள். காசநோயாளியர் கூட்டமே வந்து இருமினாலும் இனிப் பயனில்லை. ஓல்ராய்டின் செவிகளில் ஊழிக்காற்று ஊதத் தொடங்கிவிட்டது. அவர் நாற்காலியைவிட்டு எழுந்தார். சற்றுமுன் எழ முடியாதவர் எழுந்தார்.

"முப்பது வருஷம் தேர்வு வெச்சவன் நான்! மழையில, பனியில, வாந்தி எடுத்த பையனுக்குப் பக்கத்துல உக்காந்து வெச்சவன்! வண்டி கிளம்புறதுக்கு முன்னாடி ஒருத்தனையாவது ஃபெயில் பண்ணியிருக்கேனா? கொண்டா அந்த ஜாடிய!"

"வேணாம் கண்ணு, மதியத்துக்கு நான் வேற ஏதாவது…"

"நீ சும்மா இரு பெவர்லி!"

மூண்டது போர். இருந்த ஒரு கையால் ஜாடியின் கழுத்தைப் பற்றி, மீண்டும் அமர்ந்து, முழங்கால்கள் இரண்டையும் கிடுக்கியாக்கி அதன் இடையை நெருக்கி, பாத்திரம் துடைக்கும் துண்டைக் கேடயமெனப் போர்த்தி, பற்களைக் கடித்து (அவற்றில் மேல்வரிசை அவருடையதன்று), மத்தாய்ச் சுழன்ற மந்தர மலைபோல் தோள் சுழல, மலையைக் கட்டி இழுத்த பாம்புபோல் கழுத்து நரம்பு புடைக்க, திருகினார், ஜாடி நகைத்தது, மேசை விளிம்பில் அதன் தலையை மோதி மீண்டும் திருகினார், ஜாடி பின்னும் நகைத்தது, நாற்பது வருஷ மைத்துனப்பகையும், நியூசிலாந்தின் தூரமும், படுக்கையில் பிறர் கையால் உடம்பு துடைக்கப்பட்ட பக்கவாதம் தந்த ஆறு வார மருத்துவமனை மானக்கேடும் ஒருங்கே திரண்டு வலக்கையின் ஐந்து விரலில் வந்து இறங்க, உறங்கிக்கிடந்த இடக்கையும் ஏதோ கலவரம் கேட்டு விழித்து இரண்டு விரலை உதவிக்கு நீட்ட, முகம் பீட்ரூட்டோ பீட்ரூட் முகமோ என்று காண்போர் மயங்க, மூன்றாம் முறை திருகினார்.

டொப்!

வீழ்ந்தது கோட்டை. செங்காடி ஊற்றாய்ப் பீறிட்டு, வீரரின் கால்சட்டையை நனைத்து, மேசைவிரிப்பில் ஆறாய் ஓடி, ஜெம்மாவின் வெண்சட்டையில் வீரத்தழும்பிட்டு, அட்டைப்பலகையையும் குளிப்பாட்டியது. துண்டுபட்ட பீட்ரூட் வட்டங்கள் தரையெங்கும் சிதறி உருள, பரணி பாடுவார் எவரேனும் அவ்வழி போயிருந்தால் பேய்களைக் கூழுண்ண அங்கேயே அழைத்திருப்பர்.

"இப்ப போடு உன் மார்க்க!" என்று அறைகூவினார் வெற்றிவேந்தர்.

அவள் போட்டாள். கோபமின்றி, உண்மையான மகிழ்ச்சியோடு, கைதட்டிவிட்டுப் போட்டாள். சட்டையைத் துடைத்துக்கொண்டே, "பிரமாதம் மிஸ்டர் ஓல்ராய்ட்! உங்களால இவ்வளவு முடியும்னு நான் எதிர்பார்க்கவே இல்ல. அப்ப குளிக்கிறது?"

வெற்றி என்பது கள். ஒரு மிடறு உண்டவன் நிறுத்தியதில்லை.

"நானே குளிப்பேன்."

"காலுறை?"

"நானே."

"கடைக்குப் போறது?"

"நானே."

"கால் நகம் வெட்டுறது?"

தரையில் முழந்தாளிட்டுப் பீட்ரூட் பொறுக்கிக்கொண்டிருந்த பெவர்லி தலைநிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் இரப்பும் இருந்தது, எச்சரிக்கையும் இருந்தது. அதைக் கண்டும், குனிய முடியாத தம் இடுப்பை அறிந்தும், அறத்தைக் காட்டிலும் மதிப்பெண்ணே பெரிதென வாழ்ந்த அம்மகான், "நானே" என்றார்.

ஜெம்மா எல்லாக் கட்டத்தையும் நிரப்பி, இத்தெருவிலேயே இவர்தான் முதல் என்று புகழ்ந்து, கைகுலுக்கி விடைபெற்றாள். பெவர்லி தரையை இருமுறை துடைத்தாள். துடைத்த இடத்தையே மூன்றாம் முறையும் துடைத்தாள். பின்னர் துணியைப் பிழிந்து காயப்போட்டு, மேலங்கியை மாட்டினாள்.

"தேர்வுல பாஸ் பண்ணிட்டீங்க" என்றாள்.

"பண்ணாம?"

"சந்தோஷமா?"

"முதல் தடவையிலேயே பாஸ். உன்ன மாதிரி இல்ல."

வாசலில் அவருடைய மேல்சட்டையின் காலரில் ஒட்டியிருந்த பீட்ரூட் துண்டொன்றை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சரிவுப் பலகை வழியே இறங்கிப் போனாள். நகரமன்றத்தின் வாழ்த்துமடல் அவ்வாரமே வந்தது. ஓல்ராய்ட் பெருமகனார் முழுமையான தன்னிறைவு எய்திவிட்டதாகவும், ஆதலால் அண்டையர் துணைச் சங்கத்தின் சேவை இனி அவரைத் தொந்தரவு செய்யாது எனவும் அது முழங்கிற்று. அதனைக் கேட்டு மேட்டுத் தெருவில் முரசொலி எழவில்லை, பூமாரி பொழியவில்லை, பொழிந்தது வழக்கமான மழையே. வீரர் மீசையை நீவிக்கொண்டு, வென்ற ஜாடியில் எஞ்சியிருந்ததை மூன்று நாள் உண்டு தீர்த்தார்.

பெவர்லி வராத முதற் செவ்வாய்க்கிழமை நகரமன்றத்துக்குப் போன் செய்து, மறுபடி எப்போது சோதிக்க வருவீர்கள் என்று கேட்டார். அடுத்த வருஷம்தான் என்றார்கள்.