ஹென்றி மாஸ்டர் வாங்கிய எருமை

தராசின் மேல் நின்ற ஹென்றி மாஸ்டரை டாக்டர் ஸ்ரீரங்கன் இறங்கச் சொன்னார். மயிலாப்பூரில் தன் வீட்டு முன்னறையிலேயே வைத்தியம் பார்ப்பவர் அவர்.

"மிஸ்டர் ஹென்றி, இந்த எடைக்கு நான் சர்ட்டிபிகேட் கொடுக்க முடியாது."

ஹென்றி சாந்தோமில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். யுத்தம் முடிந்தும் வேலை தற்காலிகமாகவே இருந்தது. நிரந்தரமாக்க, உடம்பு திடமாக இருக்கிறது என்று டாக்டர் எழுதித் தர வேண்டும்.

"பால் சாப்பிடுங்கோ. எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து, சதைக்குப் புரதம், எல்லாம் அதுல இருக்கு. தயிர், வெண்ணெய், நெய் எதையும் விடாதீங்கோ. மழைக்காலம் முடிஞ்சு வாங்கோ."

மனைவி டோரதி இதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். ஆனால் பால்காரன் தனபாலன் ஊற்றிய பாலில் டம்ளரின் அடி தெரிந்தது.

"இன்னா பண்றது மாஸ்டர், ஊரே பால் கேக்குது, மாடு ஒண்ணுதான் கீது," என்றான் தனபாலன். "நல்ல எருமை ஒண்ணு விலைக்கு வருது. வாங்கிக் கட்டிக்கினா சொந்தப் பாலு."

டோரதி தன் தையல் மெஷினை விற்றாள். எருமை வந்தது. பால் கெட்டியாகத்தான் இருந்தது. கறந்து முடிந்ததும் எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. மந்தைவெளி தாண்டி அடையாற்றில் போய்ப் படுத்துக்கொண்டது. ஹென்றி பின்னாலேயே ஓடினார்.

மறுநாளும் ஓடியது. முளைக்கட்டையை ஆழமாக அடித்தார். எருமை முளையோடு ஓடியது. தடித்த கயிறு வாங்கி, ஒரு முனையைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டார். அன்று பாதி தூரம்தான் அவர் ஓடினார். மீதி தூரம் எருமை இழுத்துப் போனது.

"நில்லுங்க," என்று டோரதி டம்ளரோடு வாசலுக்கு வருவாள். "குடிச்சிட்டுத் துரத்துங்க."

"அது போயிடும், டோரதி."

"எங்க போயிடும், ஆத்துக்குத்தானே."

கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. டோரதி பாலில் வெண்ணெயும் சேர்த்தாள். வயிறு கனத்ததில் ஹென்றியின் வேகம் குறைந்தது. எருமை முந்திக்கொண்டு அக்கரைக்கே போய்விட்டது. அன்றிலிருந்து நீச்சலும் சேர்ந்தது.

மழைக்காலம் முடிந்தது. தராசு முன்பைவிடக் குறைவாகக் காட்டியது. வேலையும் போய், தையல் மெஷினும் போய், டோரதியின் முகத்தில் எப்படி விழிப்பது என்று ஹென்றி யோசித்தார்.

டாக்டர் தன் கனத்த சரீரத்தை நாற்காலியிலிருந்து சிரமப்பட்டு எழுப்பிக்கொண்டு வந்து, ஹென்றியின் நெஞ்சில் குழாயை வைத்தார். வெகுநேரம் கேட்டார். காலை அமுக்கிப் பார்த்தார்.

"மூச்சு குதிரை மாதிரி இருக்கு. கால் இரும்பா இருக்கு. எடை கிடக்கட்டும்." கையெழுத்துப் போட்டார். "பாலோட மகிமையைப் பார்த்தேளா?"

"பார்த்தேன் டாக்டர்," என்றார் ஹென்றி.

வெளியே கம்பவுண்டர் நூர் முஹம்மது சர்ட்டிபிகேட்டில் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டு, உள்ளே ஒரு பார்வை பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"சார், அந்த எருமையைத் திருப்பி மட்டும் கொண்டாந்துடாதீங்க. அது இந்த வீட்டுல இருந்த வரைக்கும் டாக்டரும் உங்க எடைதான்."