என் சப்பாத்தில் நடந்தது யார்?

கனடாவில் குளிர்காலம் எப்போது வரும் என்று ஆசையோடு காத்திருந்த ஒரே தமிழ்ப் பெண் நானாகத்தான் இருக்க வேண்டும். எங்கள் கட்டடத்தில் இருந்த மற்றவர்கள் செப்ரெம்பரிலேயே வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடத் தொடங்கிவிட்டார்கள். நான் மட்டும் யன்னல் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, இன்னும் பனி விழவில்லையே என்று ஏங்கினேன். காரணம் ஒரு சோடிச் சப்பாத்து. அதே சப்பாத்தினால் டிசம்பர் நத்தார்ப் பண்டிகைக்கு முன்பே நான் விவாகரத்து வரைக்கும் போய்த் திரும்பினேன். (மனதுக்குள் மட்டும்தான். ஆனால் மனதுக்குள் வழக்கு நடத்துவதில் என்னை வெல்ல ஆளில்லை.)

இவர் எண்பத்து மூன்றுக் கலவரத்துக்குப் பிறகு ரொறொன்ரோவுக்கு வந்தவர். (இவர் என்றால் என் கணவர் அன்ரன். பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை.) நான் யாழ்ப்பாணத்துப் பாஷையூரில் காத்திருந்து காத்திருந்து எண்பத்தாறாம் ஆண்டு ஓகஸ்ட்டில் வந்து இறங்கினேன். சென் ஜேம்ஸ் ரவுணில் நான்காம் மாடியில் சின்ன வீடு. உள்ளே காலடி வைத்ததும் தண்ணீர் வேண்டுமா என்றுகூட மனுசன் கேட்கவில்லை. அலுமாரியைத் திறந்து ஒரு பெட்டியை எடுத்து வந்து, என்னைக் கதிரையில் இருத்தி, முழங்காலில் நின்று, என் காலில் ஒரு சப்பாத்தை மாட்டிச் சிப்பை இழுத்துவிட்டார். கெண்டைக்கால் வரை உயரம், மண்ணிறத் தோல், உள்ளே முழுக்க ஆட்டு ரோமம், மேல் விளிம்பில் வெள்ளைப் பஞ்சு, அடியில் சின்னக் குதி. காலை உள்ளே விட்டதும் இடியப்பம் அவிகிற பானைக்கு மேல் நீட்டியது போல் இருந்தது. அளவும் அச்சொட்டாகப் பொருந்தியது. என் பாதத்தின் நீளத்துக்கு ஒரு நூலை வெட்டி நானே ஊரிலிருந்து அனுப்பியிருந்தேன். அந்த நூலையும் இவர் பெட்டிக்குள்ளேயே பத்திரமாக வைத்திருந்தார்.

"பனி வரட்டும் பிலோ, அப்ப தெரியும் இதின்ரை அருமை," என்றார்.

அந்த ஓகஸ்ட் வெக்கையிலும் அதைப் போட்டுக்கொண்டுதான் சமைத்தேன். வியர்த்து ஊற்றியது. கழற்ற மனம் வரவில்லை.

இங்கே என் குணத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் எதையும் லேசில் நம்புகிறவள் இல்லை. விமானத்தில் தந்த வெண்ணெயைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் பாணில் பூசினேன். அப்படிப்பட்ட நான் அந்தச் சப்பாத்தை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பினேன். அதுதான் பிழை என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முதல் நெருடல் சூசையிடமிருந்து வந்தது. சூசை நான் வரும்வரை இவரோடு ஒரே வீட்டில் இருந்த பொடியன். ஆள் சின்ன உருவம், மீசைதான் பெரிது. ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களோடுதான் சாப்பாடு. ஒருநாள் நான் சப்பாத்தைப் பெருமையோடு எடுத்துக் காட்டினேன்.

"மைனஸ் இருபதிலயும் கால் விறைக்காது அக்கா. பஸ், ஸ்ரீற்கார் வரப் பிந்தினாலும் பயமில்லாமல் நிக்கலாம்," என்றான்.

"உனக்கெப்பிடித் தெரியும்?"

சூசை இவரைப் பார்த்தான். இவர் பருப்புக் கறியைப் பார்த்தார். "பாக்கத் தெரியுதுதானே," என்று சொல்லிவிட்டு அவன் வாய் நிறையச் சோற்றை அடைத்துக்கொண்டான். நான் அதைக் குறித்து வைத்துக்கொண்டேன்.

இரண்டாவது அடி எதிர்வீட்டுப் பரமேஸ் அக்கா கொடுத்தது. அவ மட்டக்களப்புக்காரி. என்னைவிட இரண்டு குளிர்காலம் மூத்தவ. அந்தச் சப்பாத்தின் அடிப்பக்கத்தைச் சுற்றி அலை அலையாக ஒரு வெள்ளைக் கோடு இருந்தது. நான் அதை அலங்காரம் என்று நினைத்திருந்தேன். (சிரிக்காதீர்கள். அவ்வளவு அழகான கோடு.) பரமேஸ் அக்கா விரலால் சுரண்டிப் பார்த்தா.

"இது உப்பு, புள்ள. பனி கரைய றோட்டுல கொட்டுவாங்களே, அந்த உப்பு."

"கடையிலயும் உப்புப் போடுவினமோ அக்கா?"

"கடைக்குள்ள எதுக்குப் போடுறாங்க? இந்தச் சப்பாத்தோட ஆரோ ஒரு வின்ரர் முழுக்க நடந்திருக்காங்க."

சொல்லிவிட்டு அவ தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு போய்விட்டா. நான் அன்று மத்தியானம் சமைக்கவில்லை.

பெண்கள் போடுகிற சப்பாத்து. என் அளவுக் கால். போன குளிர்காலம் நான் பாஷையூரில். அப்படியென்றால் என் சப்பாத்தில் நடந்தவள் எவள்? இந்தக் கணக்கைப் போட எனக்குப் பெரிய படிப்பு எதுவும் தேவைப்படவில்லை. இவர் வேலையால் வந்ததும் மெல்லக் கேட்டேன்.

"இஞ்சேருங்கோ, இந்தச் சப்பாத்தை ஆரும் போட்டவையோ?"

இவருடைய காது சிவந்தது. "கடையில நாலு பேர் போட்டுப் பாத்திருப்பினம். அதுக்கென்ன இப்ப?" என்று சொல்லிவிட்டு, ஓடாத தொலைக்காட்சியைத் திருகத் தொடங்கினார். பொய் சொல்லத் தெரியாத மனுசன் பொய் சொன்னால் அது எவ்வளவு பெரிய பொய்யாக இருக்கும்! சூசையும் உடந்தை என்பது அப்போது எனக்கு வெட்ட வெளிச்சமாகிவிட்டது.

அன்றிலிருந்து நான் துப்பறியத் தொடங்கினேன். நம் ஆட்கள் எந்த வீட்டுக்குப் போனாலும் காலணியை வாசலில் கழற்றிவிட்டுத்தானே உள்ளே போவார்கள். இதைவிட ஒரு துப்பறிவாளருக்கு என்ன வசதி வேண்டும்? சப்பாத்துப் பெட்டியில் இருந்த அந்த நூலை எடுத்துச் செபமாலைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். விருந்து, பிறந்தநாள், செபக்கூட்டம் என்று எங்கே போனாலும், எல்லோரும் உள்ளே கட்லட் சாப்பிடும் நேரத்தில் நான் வாசலில் குந்தியிருந்து பெண்களின் செருப்புகளை நூல் வைத்து அளந்தேன். பலருக்கு நீளம் கூடியது. சிலருக்குக் குறைந்தது. ஒருத்திக்கு மட்டும் மயிரிழையும் பிசகாமல் பொருந்தியது. அவள் கிளாரா. இவர் வேலை செய்த பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் பெட்டி அடைக்கிறவள். கல்யாணம் ஆகாதவள். போதாக்குறைக்குக் கன்னத்தில் குழியும் விழும்.

அவளுடைய செருப்பை அளந்துகொண்டிருந்தபோது அவளே வந்துவிட்டாள்.

"என்னக்கா தேடுறியள்?"

"தோடு... தோடு விழுந்திட்டுது."

"ஐயோ அக்கா!" என்று அவளும் முழங்காலில் இருந்து செருப்புக் குவியலுக்குள் கைவிட்டுத் தேடத் தொடங்கினாள். என் இரண்டு காதிலும் தோடு இருந்தது. தலைமுடியால் மூடிக்கொண்டேன். இவ்வளவு அன்பாகத் தேடுகிறாளே, குற்ற உணர்ச்சி இல்லாமலா என்று அதையும் கணக்கில் சேர்த்தேன்.

நவம்பர் கடைசியில் நான் தவமிருந்த பனி விழுந்தது. ஊரே வெள்ளை. நான் அந்தச் சப்பாத்தைத் தொடவில்லை. காலுறைக்கு மேல் பால் வருகிற பிளாஸ்ரிக் பையைக் கட்டி, அதற்கு மேல் கன்வஸ் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். நடக்கும்போது சரக் சரக் என்றது. பாதம் மரத்து, யாருடைய கால் என்றே தெரியவில்லை.

"அவ்வளவு நல்ல சப்பாத்து இருக்க ஏன் பிலோ இந்தப் பால்பை?" என்று இவர் கெஞ்சினார்.

"புதுச் சப்பாத்து. பழுதாப் போயிடும்," என்றேன், 'புது'வை நன்றாக அழுத்தி.

இவருடைய காது மறுபடியும் சிவந்தது. இரவில் நான் சுவரைப் பார்த்துப் படுத்து அழுதேன். இப்போது சிரித்துப் பகிடியாகச் சொல்கிறேன், அப்போது அது பகிடியாக இருக்கவில்லை. கடல் தாண்டி இந்த ஒருவரை நம்பித்தானே வந்தேன். இவர் என்னுடையவர் இல்லை என்றால் இந்த ஊரில் எனக்கு எதுவுமே இல்லை. வாய்விட்டுக் கேட்டு உண்மை தெரிந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில்தான், கேட்பதற்குப் பதிலாகப் பொறி வைத்தேன்.

நத்தாருக்கு முந்திய ஞாயிறு மத்தியானம், இவருக்குத் தெரிந்த அத்தனை பெண்களையும் (கணக்குக் காட்ட ஆண்களையும்) சாப்பாட்டுக்குக் கூப்பிடச் சொன்னேன். "பிலோவுக்கு இப்பதான் இந்த ஊர் பிடிக்குது," என்று மனுசன் சந்தோசத்தோடு எல்லோருக்கும் தொலைபேசி எடுத்தார். நான் அந்தச் சப்பாத்தை எடுத்து வாசலில், மற்றவர்களின் குவியலுக்கு நடுவில், கால் நுழைக்க வசதியாகச் சிப்பைத் திறந்து வைத்தேன். என் திட்டம் இதுதான்: ஒரு குளிர்காலம் முழுக்க ஒரு சப்பாத்தில் நடந்தவளுடைய கால், அவள் யோசிக்காத நேரத்தில், பழக்கத்தில் தானாகவே அதற்குள் போகும். (திட்டத்தில் பிழையே இல்லை. இன்றைக்கும் அதைப் பற்றி எனக்குப் பெருமைதான்.)

கதவின் கண்ணாடித் துளையால் பார்த்தால் முகம் தெரிந்தது, கால் தெரியவில்லை. ஆகவே கதவைக் கொஞ்சம் திறந்து வைத்து, பக்கத்திலேயே நின்று பரிமாறினேன். கறிச்சட்டி அடிப்பிடிக்கிற மணம் வந்து ஒரு நிமிடம் குசினிப் பக்கம் திரும்பினேன். திரும்பி வந்து எட்டிப் பார்த்தால், சப்பாத்தைக் காணவில்லை. கூடத்தைப் பார்த்தேன், கிளாராவையும் காணவில்லை.

பிறகு நடந்ததில் எனக்குப் பாதிதான் நினைவிருக்கிறது. கையில் கறி அகப்பையோடு, வெறுங்காலோடு, நான்கு மாடிப் படிகளிலும் விழுந்தடித்து இறங்கினேன். வெளியே கதவைத் தள்ளினால் பனி. தூரத்தில் நீல ஜக்கற்றும் தலையில் முக்காட்டுத் தொப்பியுமாக ஒரு சின்ன உருவம் பார்லிமென்ற் தெருப்பக்கம் போய்க்கொண்டிருந்தது. காலில் என் சப்பாத்து. வெள்ளைப் பஞ்சு துள்ளித் துள்ளிப் போனது. ஓடிப்போய்த் தொப்பியைப் பிடித்து இழுத்தேன்.

"நில்லடி கிளாரா! ஆருடைய சப்பாத்தைப் போட்டுக்கொண்டு ஆருடைய புருசனோட நடந்தனீ?"

உருவம் திரும்பியது. பெரிய மீசை. சூசை!

"அக்கா, நான் இஞ்ச நிக்கிறன்," என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. கிளாரா. இரண்டு கையிலும் சவர்க்கார நுரை. குசினித் தொட்டியில் இடமில்லாததால், அவ்வளவு நேரமும் குளியலறைக்குள் என் சட்டிபானைகளைக் கழுவிக்கொண்டிருந்திருக்கிறாள். அவளுக்குப் பின்னால் என் விருந்தாளிகள் அத்தனை பேரும். நான் அகப்பையோடு பாய்ந்ததைக் கண்ட பரமேஸ் அக்கா "நெருப்பு!" என்று கத்தியிருக்கிறா. சப்பாத்துத் தேட யாருக்கும் நேரம் இருக்கவில்லை. எல்லோரும் காலுறையோடு பனியில் நின்று, ஒற்றைக் காலை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தெருவிலேயே கால் சூடாக நின்ற ஒரே தமிழன் சூசைதான்.

"குடிக்க ஜிஞ்சர் ஏல் சோடா வாங்கத்தான் அக்கா போனனான்," என்று அவன் அழுவாரைப் போலச் சொன்னான். "கால் தானாப் போட்டிட்டுது. சத்தியமா நான் பாக்கேல்லை."

இவர் முன்னுக்கு வந்தார். கேட்கக் கூடாததை எல்லாம் கேட்டுவிட்ட முகம். "பிலோ, நீ அப்பிடியா நினைச்சனீ?"

நான் அகப்பையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன்.

"போன தையில மலிவு விற்பனையில வாங்கினனான். எனக்கு வந்த முதல் வின்ரர், கடைக்காரன்ரை கதையை நம்பி ஒரு சப்பாத்து வாங்கி, கால் நனைஞ்சு விறைச்சு நகமே கழண்டு போட்டுது. உனக்கும் அப்பிடி நடக்கக் கூடாதெண்டு, சின்னக் கால்காரன் இவன்தானே, ஒருநாள் போட்டுப் பாத்துச் சொல்லடா எண்டனான். ஒருநாள்தான் கேட்டனான். இவன் பங்குனி முடியுமட்டும் கழட்டேல்லை!"

"கழட்ட மனம் வரேல்லை அண்ணை," என்றான் சூசை, தலையைக் குனிந்துகொண்டு. "அவ்வளவு சூடு. பொம்பிளைச் சப்பாத்து எண்டு வெளியில தெரிஞ்சால் எனக்கு ஆர் பொம்பிளை தருவினம்? அதுதான் அண்ணையிட்டை ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாமெண்டு சத்தியம் வாங்கினனான்."

இவருடைய பெருவிரலில் நகம் இல்லாததை நான் வந்த முதல் நாளே கண்டிருந்தேன். ஏன் என்று கேட்கவே இல்லை. சந்தேகப்படுவதில் மும்முரமாக இருந்தவளுக்கு அதைக் கேட்க எங்கே நேரம்? அந்த விரலை நினைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. நடுத்தெருவில், அத்தனை பேருக்கும் முன்னால், அகப்பையால் கண்ணைத் துடைக்கப் பார்த்தேன்.

கிளாரா என்னை உற்றுப் பார்த்தாள். பிறகு அவளுக்கு ஏதோ விளங்கியது. "அக்கா, அண்டைக்குத் தோடு கிடைச்சுதோ?" என்றாள். கன்னத்தில் குழி விழுந்தது. அவள் சிரிக்கத் தொடங்க மற்றவர்களும் சிரித்தார்கள். நான் அவளுடைய நுரைக் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன்.

சூசை அங்கேயே சப்பாத்தைக் கழற்றி என் முன்னால் வைத்தான். இவர் பனியில் முழங்காலில் நின்று எனக்குப் போட்டுவிட்டார். நான் ஓகஸ்ட்டிலிருந்து ஏங்கிய பனியில், அந்தச் சப்பாத்தோடு முதல் தடவையாக நின்றேன். சூசையின் கால் சூடு இன்னும் உள்ளே இருந்தது. சொன்னது உண்மைதான், கழற்ற மனம் வராது.

நாங்கள் பிக்கரிங்குக்கு வீடு மாறிப் பல வருடமாகிவிட்டது. சூசை ஒஷாவாவில் இருக்கிறான். பொம்பிளை கொடுத்தார்கள். சப்பாத்து எப்போதோ தேய்ந்து போய்விட்டது. எங்கள் குடும்பத்தில் மிஞ்சியது ஒரு கேள்விதான். நான் எதற்காவது பதறிக்கொண்டு எழும்பினால், இவர் கைத்தொலைபேசியைக் கவிழ்த்து வைத்திருக்கிறார் என்றோ, மகள் வீட்டுக்கு வரப் பிந்துகிறாள் என்றோ குரலை உயர்த்தினால், வீட்டில் யாராவது உடனே கேட்பார்கள்: "நெருப்போ, சப்பாத்தோ?"

இப்போது பேத்தியும் கேட்கப் பழகிவிட்டாள். கதை அவளுக்குத் தெரியாது. போன கிழமை நான் இவருடைய ஜக்கற் பையைத் துழாவிக்கொண்டு நின்றபோது வந்து, "அம்மம்மா, is it நெருப்பு or சப்பாத்து?" என்றாள்.

நான் கையை எடுத்துக்கொண்டு, "சப்பாத்துத்தான்," என்றேன். இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அது நெருப்பாக இருந்ததில்லை.