ஒத்த ரூபாய் மொய்

திருத்தணி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பும் மரியாதையும் மிக்க பரந்தாமன் பாவா அவர்களுக்கு, மைத்துனன் தீனதயாளன் இரு கை கூப்பி எழுதிக்கொள்வது. தணிகை முருகன் புண்ணியத்தில் நானும் சுஜாதாவும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம். ‘நலம்’ என்று எழுதத்தான் கை வரவில்லை. ஆர்.கே.பேட்டையில் உங்கள் நலமும், என் அக்கா கோமளவல்லியின் கோபமும் எந்த மட்டில் இருக்கின்றன என்று அறிய ஆவல். போன் செய்தால் அக்கா எடுப்பதில்லை. அதனால்தான் கடிதம்.

பாவா, ஷாலினி கல்யாணத்தில் நடந்ததை என் பக்கத்திலிருந்தும் கேளுங்கள். முதலில் அந்தக் கவர் விஷயம். கடையில் ஒரு ரூபாய்க் காசு ஒட்டிய மொய்க் கவர் ஐந்து ரூபாய் என்றான். காசு ஒட்டாதது இரண்டு ரூபாய். ஒரு ரூபாயை ஒட்டுவதற்கு இரண்டு ரூபாய் கூலியா என்று அதிர்ந்துபோய், ஒட்டாததிலேயே இரண்டு வாங்கி வந்தேன். ஒன்றில் ஐயாயிரம் ரூபாய் வைத்தேன். தாய்மாமன் இல்லையா! மேடை ஏறி மாப்பிள்ளை கையில் கவரைக் கொடுத்து, போட்டோவுக்கும் நின்று, இறங்கி வந்தால் சுஜாதா பிடித்துக்கொண்டாள். “ஒத்த ரூபா வெச்சீங்களா இல்லையா? ஐயாயிரம்னு மொட்டையா யாராச்சும் குடுப்பாங்களா? பொண்ணு நல்லா இருக்க வாணாமா?” திரும்ப மேடை ஏறலாம் என்றால் வரிசை மண்டப வாசல் வரைக்கும் நிற்கிறது. சில்லறையும் இல்லை.

அப்போதுதான் உங்கள் தம்பி பூபாலன் தன் மளிகைக் கடையிலிருந்து கொண்டுவந்து மொய் மேசை மேல் வைத்திருந்த சவுண்ட் பாக்ஸ் கண்ணில் பட்டது. விடுபட்ட அந்த ஒரு ரூபாயைப் போனில் அனுப்பினால் போயிற்று என்று நினைத்தேன். நல்ல எண்ணம்தானே பாவா? அதன் பக்கத்தில் மைக் இருந்ததை நான் கவனிக்கவில்லை. நாதஸ்வரக்காரர் அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் குடிக்க நிறுத்துவார் என்று எனக்கு எப்படித் தெரியும்? “ஒரு ரூபாய் பெறப்பட்டது” என்று மண்டபமே அதிரக் கத்தியது அந்தப் பெட்டி. பணம் போய்ச் சேர்ந்த சந்தோஷத்தில் நானும் கையைத் தூக்கி, “ஆங், வந்துடுச்சு! நான்தான் போட்டேன்!” என்று சொல்லித் தொலைத்தேன். பூபாலன் மைக்கை எடுத்து, “பொண்ணுக்குத் தாய்மாமன் தீனதயாளன், ஒரு ரூபா!” என்றான். சாப்பாட்டுப் பந்தியிலிருந்துகூட எட்டிப் பார்த்தார்கள்.

முப்பது வருஷம் தபால்காரனாக இருந்தவன் நான். அம்மையார்குப்பத்தில் எத்தனை வீட்டுக்கு மணியார்டர் கொண்டுபோய்க் கொடுத்திருப்பேன்! எவ்வளவு வந்தது என்று பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல் கையில் எண்ணி வைப்பேன். மணியார்டர் ஃபாரத்தின் அடியில் நாலு வரி எழுத இடமும் உண்டு. ‘இது ஐயாயிரத்துக்கு மேல் வைக்கும் ஒத்த ரூபாய்’ என்று எழுதியிருந்தால் மானம் தப்பியிருக்கும். இந்தப் பெட்டிக்குச் சேதி தெரியாது, தொகை மட்டும்தான் தெரியும். விளக்கம் சொல்ல ஓடினேன். நான் “கவர்ல ஐயாயிரம்...” என்று வாயைத் திறக்கும்போதெல்லாம் அது “இருநூறு”, “ஐந்நூறு” என்று என் மேல் ஏறிக் கத்துகிறது. உங்கள் தறியில் வேலை செய்யும் எல்லப்பன் இரண்டாயிரம் போட்டுவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். பூமி பிளக்கவில்லை பாவா, அதுதான் குறை.

இதெல்லாம்கூடப் போகட்டும். வீட்டுக்கு வந்து தாம்பூலப் பையைப் பிரித்தால் தேங்காய்க்கு மேலே ஒரு ரூபாய்க் காசு! அக்கா மொய்யைத் திருப்பிவிட்டாள். சுஜாதாவிடம், “ஆடிக் கிருத்திகைக்கு நாங்க லாட்ஜ்ல ரூம் போட்டுக்கறோம், உங்களுக்கு இன்னாத்துக்குச் செலவு?” என்றாளாம். கல்யாணமாகிப் போனதிலிருந்து காவடிக்கு என் வீட்டில் தங்காத வருஷம் உண்டா? எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதனால் உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். ஷாலினியைக் கூப்பிட்டு, அக்கா முன்னால், பூபாலன் முன்னால், முடிந்தால் அதே மைக்கையும் வைத்து, என் கவரைப் பிரிக்கச் சொல்லுங்கள். நான் யார் என்று அப்போது தெரியும்.

மணமக்கள் பதினாறும் பெற்று வாழ மாமனின் ஆசிகள். உங்களுக்கு வணக்கம். அக்காவுக்கு, அவள் ஏற்றுக்கொண்டால், என் அன்பு.

இப்படிக்கு,
மானமுள்ள மைத்துனன்,
தீனதயாளன்

பின்குறிப்பு: பாவா, மோசம் போனேன். வாங்கிய இரண்டு கவரில் மிச்சமிருந்த ஒன்றை எடுத்து, தபால் தலை ஒட்டி, உங்கள் விலாசமும் எழுதிவிட்டுக் கடிதத்தை உள்ளே நுழைத்தேன். போகவில்லை. எட்டிப் பார்த்தால் ஐந்நூறு ரூபாய்த் தாள் பத்தும் உள்ளேயே இருக்கின்றன! மாப்பிள்ளைக்கு நான் கொடுத்தது வெறும் கவர். அந்தப் பெட்டி சொன்னதுதான் சத்தியம். ஐயாயிரத்தையும் நாளைக்கே மணியார்டர் செய்கிறேன். கவரில் மூன்று ரூபாய் மிச்சம் பிடித்ததற்குக் கமிஷன் இருநூற்றைம்பது. ஒட்டிய தபால் தலை வீணாகக் கூடாதே என்று இந்தக் கடிதத்தையும் அனுப்புகிறேன். மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள். கவரை மட்டும் யாரும் பிரிக்க வேண்டாம்.