கரடியின் பெயரைக் கேட்டு வந்தவருக்கு

அகராதி ஆசிரியர் திரு. லெவ்கோ அவர்கள் சமூகத்துக்கு,

இயேசுவுக்கு மகிமை. தாங்களும் தங்கள் வீட்டாரும் தங்கள் அகராதியும் நலமாயிருக்க வேண்டுகிறேன். இங்கே மலையில் நானும் ஆறு தேன்பெட்டிகளும் நலம். போன வாரம் பதினொன்று இருந்தன.

செவ்வாயன்று தாங்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்து, ஆதி ஸ்லாவியச் சொல் ஒன்றின் சந்ததிகளைத் தேடுவதாகச் சொன்னது நினைவிருக்கும். மூலச் சொல்லை யாரும் காதால் கேட்டதில்லை, பேரன்மார் முகங்களைப் பார்த்துப் பாட்டன் படத்தை வரைவதுபோல் அறிஞர்கள் ஊகித்தது, அதனால்தான் முன்னால் நட்சத்திரம் போடுகிறோம் என்றீர்கள். பொருள் 'தேன் தின்பவர்'. அதற்கும் முன்னால் நிஜப் பெயர் ஒன்று இருந்ததாம். சொன்னால் வந்துவிடுவார் என்று பயந்தே முன்னோர் அதைத் தொலைத்துவிட்டார்களாம். பிறகு 'தேன் தின்பவர்' என்ற அந்த மறைபெயரே பெயராகிவிட, எங்கள் மலையில் அதையும் சொல்லாமல் 'மாமா' என்கிறோம். நான் முப்பது வருஷம் பள்ளியில் பூகோளம் நடத்தியவன், எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, ஆகவே தேன்பெட்டிகளுக்கு நடுவே நின்று உக்ரைனியத்தில் ……, போலிஷில் ……, செர்பியத்தில் …… என்று வரிசையாகச் சொன்னேன். தேனீ இரைச்சலில் பதிவு சரியாக விழவில்லை என்று மூன்று தடவை சொல்ல வைத்தீர்கள். நானும் சும்மா இராமல் வகுப்பில் கத்துகிற குரலில் கத்தினேன். புல் காயவைத்துக்கொண்டிருந்த என் மனைவி வசிலினா கையிலிருந்ததைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போனதைத் தாங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள்.

மறுநாள் காலை மாமா வந்தார். ஐந்து பெட்டி காலி. மூடியைக் கழற்றித் தின்னும் பொறுமை அவருக்கு இல்லை. வசிலினா உடைந்த பலகைகளைப் பொறுக்கி அடுக்கினாள். அழவில்லை, அதுதான் எனக்குப் பயமாயிருந்தது. "மூணு பாஷையில கூப்பிட்டா வராம என்ன செய்வாரு? நீங்களும் உங்க படிப்பும் இங்கேயே இருங்க" என்று சொல்லிவிட்டுத் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். போகிறவள் புளிப்பு கிரீம் ஜாடியையும் தூக்கிக்கொண்டு போனாள். ஐந்து நாளாக வெறும் உருளைக்கிழங்கு. எனக்குத் தனியாக இருக்கத் தெரியவில்லை ஐயா.

நேரில் போய், இந்த மாதத்தில் அவருக்குப் பசி, கூப்பிடாவிட்டாலும் இறங்கி வருவார் என்று விளக்கினேன். "அந்தப் படிச்ச மனுஷன் கைப்பட எழுதித் தரட்டும், வர்றேன்" என்கிறாள். ஆகவே சொல்லுக்கு யாரையும் வரவழைக்கும் சக்தி இல்லை என்று, தங்கள் அலுவலக முத்திரையோடு நாலு வரி எழுதி அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன்.

அகராதியைக் கடைசி எழுத்துவரை முடிக்க ஆண்டவர் தங்களுக்கு ஆயுள் தரட்டும்.

இப்படிக்கு,
ஒனுஃப்ரி

பி.கு.: இந்தக் கடிதத்தில் மூன்று ஓட்டைகள் இருக்கும். எலி இல்லை. மூன்று பெயர்களையும் முழுசாகத்தான் எழுதியிருந்தேன். உறையில் போடப் போனபோது தேன்பெட்டிப் பக்கம் ஏதோ முறிகிற சத்தம் கேட்டது. கத்தரிக்கோலால் வெட்டி அடுப்பில் போட்டுவிட்டேன். வசிலினா இன்னும் தங்கை வீட்டில்தான், வெட்டியது நான். முத்திரை வைத்த கடிதம் வேண்டாம், பதிவை அழித்துவிடுங்கள். அவளிடம் மன்னிப்புக் கேட்கக் கிளம்புகிறேன். காட்டுக் குறுக்குவழியில் அரை மணி நேரம்தான், ஆனால் சாலை வழியாகவே சுற்றிப் போகிறேன்.