தள்ளுபடிக்காகக் காலமான உங்கள் அக்கா நலம்

பேரன்பும் பெருமதிப்பும் கொண்ட மைத்துனர் அவர்களுக்கு உங்கள் அத்தான் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் துணைவியாரும் பிள்ளைகளும் ஒரு குறையுமின்றி இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உங்கள் அக்காவும் நலம். முந்தின வாக்கியத்தை அவசரப்படாமல் இன்னொரு முறை படிக்கவும். உங்கள் அக்கா நலம். உயிரோடு இருக்கிறார். இதை எழுதும் இந்த நிமிடத்தில் சமையலறையில் மிக்ஸி மூடியைத் திறக்க முடியாமல் அதைத் திட்டிக்கொண்டிருக்கிறார். நான் மறுமணம் செய்துகொள்ளவில்லை. அதற்கு எண்ணமும் இல்லை, தைரியமும் இல்லை.

ஒன்பது முறை போன் செய்தேன், நீங்கள் எடுக்கவில்லை. உங்கள் கோபம் நியாயம்தான். விடுப்பு முடிந்து அலுவலகம் போன மனிதர், தன் மேசைமேல் ஒரு மலர்வளையமும் முப்பத்திரண்டு பேர் கையெழுத்திட்ட இரங்கல் அட்டையும் இருப்பதைப் பார்த்து, யார் போய்விட்டார்கள் என்று விசாரிக்க, “உங்க அக்காதான் சார்” என்று பதில் வந்தால் யாருக்குத்தான் கோபம் வராது? பதறிப்போய் அக்காவின் எண்ணுக்கே அழைத்தீர்கள். அப்போது அவர் என்ன சொன்னார் என்பதும் எனக்குத் தெரியும், பக்கத்தில்தான் நின்றேன். “அவங்க இல்லீங்களே, நான் ரெண்டாவது பேசறேன்” என்றார். முப்பத்தோரு வருடம் ஆஸ்பத்திரி டெலிபோன் போர்டில் உட்கார்ந்தவர், குரலை எப்படி வேண்டுமானாலும் மாற்றுவார். உங்கள் கையிலிருந்து போன் கீழே விழுந்த சத்தம் எனக்கே கேட்டது. போனில் உங்கள் அக்காவை நம்ப முடியாது என்பதால்தான் இந்தக் கடிதம், பதிவுத் தபாலில்.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். உங்கள் அக்கா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று, உனக்கு என்ன வேணும், கேளு என்றேன். “காலைல கண்ணு முழிச்சா எதுக்க கடல் தெரியணும். நாலே நாலு நாள். யாரும் எங்கிட்ட ஹலோ சொல்லக் கூடாது” என்றார். ஜன்னலே இல்லாத அறையில் அத்தனை வருடம் இருந்தவர் கேட்டது அவ்வளவுதான். நீங்களும் அன்றைக்கே, “அத்தான், கடற்கரையிலேயே எனக்குத் தெரிஞ்ச ஹோட்டல் ஒண்ணு இருக்கு, ஒரு போன் போட்டா முடிஞ்சது” என்றீர்கள். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இக்கடிதத்தின் மூலம் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் என் நிலைமையையும் யோசித்துப் பாருங்கள். முப்பத்து மூன்று வருடம் எடையளவு ஆய்வாளராக இருந்தவன் நான். கிலோவுக்கு அஞ்சு கிராம் குறைந்தாலும் தராசையே தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன். எந்தக் கடைக்காரனும் என்னை ஏமாற்றியதில்லை. அப்படிப்பட்டவன் ஒரு அறைக்கு முழு வாடகை கொடுத்தால் என் உத்தியோகத்துக்கே கேவலம் இல்லையா?

ஆகவே தள்ளுபடி இணையதளங்களில் இறங்கினேன். மூன்று வாரம். ஒரே அறை ஒரு தளத்தில் ஒரு விலை, இன்னொன்றில் வேறு விலை, கணினியில் ஒன்று, கைப்பேசியில் ஒன்று. பல கருவிகளில் பார்த்தால் மலிவான விலை அகப்படும் என்று எங்கேயோ படித்தேன். என் கணினி, என் கைப்பேசி, உங்கள் அக்காவின் புது கைப்பேசி, பழைய கைப்பேசி, கீழ்வீட்டுப் பல் வைத்தியருடைய கைக்கணினி, அவர் மனைவியுடையது என்று எல்லாவற்றிலும் ஒரே அறையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். திரையில் சிவப்பாக ஒரு எச்சரிக்கை வந்தது: ‘இந்த அறையை இப்போது பதினேழு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.’ நான் பார்க்கப் பார்க்க விலை ஏறியது, ஏன் ஏறுகிறது என்று மறுபடி பார்த்தேன், மறுபடி ஏறியது. மூன்றாம் நாள்தான், பல் வைத்தியர் தன் கருவியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனபோது, பதினேழு பதினாறாகக் குறைந்ததைக் கவனித்தேன். ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தேன். பதினோரு பேர் ஆனது. ஆக, ஆறு பேர் நான்தான். மூன்று நாளாக என்னோடு நானே போட்டி போட்டு விலையை ஏற்றிவிட்டிருக்கிறேன் மாப்ளே! மீதிப் பதினோரு பேரும் என்னைப் போல ஓய்வு பெற்றவர் ஒருவராகவே இருக்கலாம்.

இந்த வெறுப்பில் இருந்தபோதுதான் ‘பெயர் சொல்லாத ஹோட்டல்’ என்ற திட்டம் கண்ணில் பட்டது. பணம் கட்டும்வரை எந்த ஹோட்டல் என்று சொல்ல மாட்டார்களாம், கட்டினால் ஐம்பத்திரண்டு சதவீதம் தள்ளுபடி. நான்கு நட்சத்திரம், கடலிலிருந்து இருநூறு மீட்டர். மேலே ஒரு கடிகாரம் பத்து நிமிடத்திலிருந்து பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் அக்காவைக் கூப்பிட்டேன், அவர் குளித்துக்கொண்டிருந்தார். “கடல் தெரியுமான்னு கேளுங்க!” என்று உள்ளேயிருந்து கத்தினார். யாரைக் கேட்பது? இரண்டு நிமிடம் மிச்சம் இருக்கையில் கீழே சின்னதாக ஒரு கட்டம் தெரிந்தது: புதுமணத் தம்பதி எனில் மேலும் இருபது சதவீதம். ஐம்பத்திரண்டும் இருபதும் எழுபத்திரண்டு. என் விரல் அதுவாகப் போய் அந்தக் கட்டத்தில் உட்கார்ந்தது. கல்யாணம் ஆனவர்கள்தானே, புதுசு பழசு என்பதெல்லாம் அவரவர் மனசைப் பொறுத்தது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். இதை உங்கள் அக்காவிடம் சொல்லவில்லை. தப்புதான்.

போய் இறங்கினோம். வரவேற்பு மேசையில் ஒரு பெண் இருந்தாள், நல்ல சிரித்த முகம். கணினியைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், மறுபடி கணினியைப் பார்த்தாள். “சார், புதுமணத் தம்பதி சலுகைல வந்திருக்கீங்க. ஒரு வருஷத்துக்குள்ள ஆன கல்யாணம்னு சர்டிபிகேட் காட்டணும். இல்லேன்னா முழு வாடகையும் இங்கயே கட்டணும் சார்.”

உங்கள் அக்கா என் பக்கம் திரும்பினார். “யாருங்க புதுமணம்?”

எங்களுக்குப் பின்னால் பெட்டிகளோடு ஒரு வரிசையே நின்றது. எழுபத்திரண்டு சதவீதம் கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தது. அப்போது என் வாயிலிருந்து வந்த வார்த்தைகளை நான் சொன்னதாகவே எனக்கு நினைவில்லை, ஆனால் குரல் என்னுடையதுதான். “இது... ரெண்டாவது கல்யாணம்மா. ரொம்ப எளிமையா முடிச்சிட்டோம். சர்டிபிகேட் இன்னும் கைக்கு வரல.”

அந்தப் பெண்ணின் முகம் இளகிவிட்டது. “அப்போ முதல் மேடம்...”

“தவறிட்டாங்க” என்றேன்.

மாப்ளே, முப்பத்தெட்டு வருடத்தில் உங்கள் அக்கா என்னை எத்தனையோ விதமாகப் பார்த்திருக்கிறார். அந்தப் பார்வை புதுசு. நான் செத்தேன் என்று நினைத்தேன். ஆனால் அவர் கத்தவில்லை. போர்டில் உட்கார்ந்து பேசும் அந்தப் பழைய தேன்குரலில், “ஆமாம்மா, பாவம், ரொம்ப நல்லவங்களாம். இவர் அவங்களைப் பத்தி ஓயாம பேசிக்கிட்டே இருப்பார், இல்லீங்க?” என்றார். சாவி கைக்கு வந்தது. எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்ற, தடித்த கண்ணாடி போட்ட ஒருவர் மட்டும் மூக்கை உறிஞ்சினார்.

அறையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கடலிலிருந்து இருநூறு மீட்டர் என்பது பொய்யில்லை, நான் டேப் எடுத்துக்கொண்டுதான் போயிருந்தேன். ஹோட்டல் ஒரு மலைக்குன்றின் உச்சியில். நேராகக் குதித்தால் இருநூறு மீட்டருக்குள்தான் வரும். நடந்து போனால் நாலு கிலோமீட்டர். எங்கள் ஜன்னலைத் திறந்தால் சலவைக்கூடம், இருபத்து நாலு மணி நேரமும் படுக்கை விரிப்புகள் காய்ந்தன. கடல் தெரிந்த ஒரே இடம் குளியலறை வென்டிலேட்டர். அதற்கும் வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஏற வேண்டும். படுக்கைமேல் துண்டில் செய்த இரண்டு அன்னங்கள் மூக்கோடு மூக்கு உரசிக்கொண்டிருந்தன. உங்கள் அக்கா ஒரு அன்னத்தைப் பிரித்து முகம் துடைத்துக்கொண்டார்.

அறையில்தான் பேச்சில்லை. வெளியே வந்தால் நிற்காது. மறுநாள் காலை சாப்பாட்டுக் கூடத்தில், எங்கள் பக்கத்து மேசையில் அதே கண்ணாடிக்காரர். உங்கள் அக்கா சத்தமாக, “என்னங்க, உங்க முதல் சம்சாரம் எப்படி இருப்பாங்க? அழகா?” என்றார். நான் ரொட்டியை விழுங்கிக்கொண்டே, “சுமாரா இருப்பா” என்றேன். மேசைக்கு அடியில் என் காலில் ஒரு மிதி. “ரொம்ப அழகு” என்றேன். “குணம்?” “தங்கம்.” “அவங்க செஞ்ச உதவி ஒண்ணாவது ஞாபகம் இருக்கா, இல்ல சும்மா சொல்றீங்களா?”

கண்ணாடிக்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். பரிமாற வந்தவரும் நின்றுவிட்டார். எதையாவது சொல்லித்தானே ஆக வேண்டும்? சொன்னேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பெரிய மண்டிக்காரர் ஒருவருடைய தராசைப் பறிமுதல் செய்தேன். மறுநாள் காலையில் வீட்டு ஜன்னலில் கல் விழுந்தது. வேலையே வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டேன். அவள் கண்ணாடித் துண்டுகளைக் கூட்டி அள்ளினாள். “தராசு சரியா இருந்துச்சா, இல்லையா?” என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். “அப்புறம் என்ன, வேலைக்குக் கிளம்புங்க” என்று சாப்பாட்டுப் பெட்டியைக் கையில் கொடுத்தாள். “அன்னிக்கு அவ அப்படிச் சொல்லலைன்னா நான் முப்பத்து மூணு வருஷம் அந்த வேலையைப் பார்த்திருக்க மாட்டேன். அப்புறம், நான் போன்ல ஹலோன்னு சொன்னாலே போதும், சாப்பிட்டேனா இல்லையான்னு கண்டுபிடிச்சிடுவா. அவளுக்கு எப்படித் தெரியும்னு நான் ஒருநாளும் கேட்டதில்லை” என்று சொல்லும்போது என் தொண்டை அடைத்துக்கொண்டது. நடிப்பு இல்லை. ரொட்டியும் இல்லை.

நிமிர்ந்து பார்த்தால் உங்கள் அக்காவைக் காணோம்.

அறைக்கு ஓடினேன். குளியலறைக் கதவு திறந்திருந்தது. வாளிமேல் ஏறி நின்று வென்டிலேட்டர் வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தைத் திருப்பவில்லை. “இதையெல்லாம் நான் செத்தப்புறம்தான் சொல்லணும்னு இருந்தீங்களா?” என்றார்.

வாளியைப் பிடித்துக்கொண்டேன், ஆடாமல் இருக்கட்டும் என்று. அவரே, “அந்த மண்டிக்காரன் பேரைச் சொல்லலையே, பயமா இன்னும்?” என்றார். அப்புறம் இரண்டு பேரும் சிரித்தோம். ஒருவர் வாளிமேல், ஒருவர் கீழே, ஈரத்தரை வேறு. விழாமல் தப்பித்தது பெரிய காரியம்.

அன்றைக்கே மேலாளரிடம் போய் உண்மையைச் சொல்லி முழு வாடகையும் கட்டிவிடுவது என்று முடிவு செய்தோம். உங்கள் அக்காதான் பேசினார். “சார், அந்த முதல் சம்சாரம் நான்தான்.” மேலாளர் எழுந்து நின்றுவிட்டார். “எவ்வளவு பெரிய மனசு மேடம் உங்களுக்கு! அவங்களை உங்களுக்குள்ளயே வெச்சிருக்கீங்க” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இல்ல சார், நிஜமாவே நான்தான்” என்றார் உங்கள் அக்கா. மேலாளர் இன்னும் அழுதார். வாடகையை வாங்க மறுத்துவிட்டார். போதாக்குறைக்கு மிச்சமிருந்த இரண்டு நாளுக்கும் மேல்மாடியில் கடல் பார்த்த அறையைக் கொடுத்தார். மறுநாள் காலை உங்கள் அக்கா கண் விழித்தபோது ஜன்னல் முழுக்கக் கடல். “ஹலோ” என்றார், கடலைப் பார்த்து. நான் மட்டும், அவர் கேட்டிருந்தபடி, ஹலோ சொல்லவில்லை.

எல்லாம் சுபமாக முடிந்திருக்கும். கிளம்புகிற அன்று அந்தக் கண்ணாடிக்காரர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொன்னார். பேச்சுவாக்கில் தன் கம்பெனிப் பெயரைச் சொன்னார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். “அட, என் மைத்துனர் அங்கேதானே கணக்குப் பிரிவுத் தலைவர்!” என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். அவர் முகம் வெளிறியது. “அப்போ தவறினது சாரோட அக்காவா? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!” என்றார். நான் விளக்குவதற்குள் அவர் வண்டி கிளம்பிவிட்டது. மிச்சம் உங்களுக்கே தெரியும், உங்கள் மேசைமேல் வந்து இறங்கியது.

ஆகவே மைத்துனர் அவர்கள் கோபத்தை விட்டு, மலர்வளையத்தை எடுத்துவிட்டு, அலுவலக நண்பர்களுக்கு என் சார்பில் தகுந்த விளக்கம் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். இனி எந்தத் தள்ளுபடித் தளத்தையும் நானும் உங்கள் அக்காவும் கையால் தொட மாட்டோம் என்று இதனால் உறுதி அளிக்கிறேன். அடுத்த பயணத்துக்கு உங்களுக்குத் தெரிந்த ஹோட்டலில் நீங்களே போன் போட்டு, முழு வாடகைக்கு, எங்கள் சொந்த வயதிலும் சொந்த உறவிலும் அறை பிடித்துத் தரவும். பிள்ளைகளுக்கு எங்கள் ஆசிகள். தங்கள் துணைவியாரை நாங்கள் இருவரும் மிகவும் விசாரித்ததாகச் சொல்லவும்.

என்றும் தங்கள் நலம் நாடும்,
அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் உங்கள் அக்கா என் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். அடுத்த மாதம் மலைப்பிரதேசத்தில் நம் எல்லோருக்கும் அறை பிடித்துவிட்டாராம், அறுபத்தெட்டு சதவீதம் தள்ளுபடி, கட்டிய பணம் திரும்பாது. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தங்க இலவசம் என்று போட்டிருந்ததால் உங்கள் வயதுக் கட்டத்தில் பதினொன்று என்று எழுதியிருக்கிறார். கேட்டால், “தம்பி எனக்கு எப்பவும் சின்னப் பையன்தான், இதுல பொய் எங்க இருக்கு?” என்கிறார். வரும்போது தயவுசெய்து மீசையை எடுத்துவிட்டு வரவும்.