ஜீப் நிபுணர் யோகராஜா

லண்டன் மாநகரில் நம்மவர்களுக்குள்ளே ஓர் இனம் பெருகி வருகிறது. பெயர், போர் நிபுணர். போர் நடந்த இடத்தில் ஒருநாளும் நின்றிராதவர் என்பதுதான் இந்த இனத்தின் முதல் அடையாளம். சிலர் டாங்கியில் நிபுணர், சிலர் விமானத்தில். ஸ்ட்ரெதத்தில் வசிக்கும் யோகராஜா ஜீப்பில் நிபுணர்.

எழுபதுகளில் கணக்கியல் படிக்க வந்தவர் அவர். கடைசிச் சோதனைக்கு இன்னும் படித்துக்கொண்டிருக்கிறார். வயது ஐம்பதைத் தொடுகிறது, அவசரம் என்ன? நூலகத்தில் கணக்கியல் புத்தகம் தேடப் போன ஒரு நாளில் இரண்டாம் உலகப் போர் வாகனங்கள் பற்றிய தடித்த புத்தகம் ஒன்று கையில் அகப்பட்டது. அன்றோடு கணக்கியல் தப்பித்துக்கொண்டது.

நீங்களும் இவரைச் சந்தித்திருப்பீர்கள். பிறந்தநாள் விழாவோ, செத்தவருக்கு அந்தியேட்டிச் சடங்கு நடக்கும் வீடோ, முழங்கால் நோகிறது என்று யாராவது வாய் திறந்தால் போதும், அந்த முழங்கால் நேரே இத்தாலிக்குப் போய்விடும், அங்கே மலைப்பாதையில் காயம்பட்ட சிப்பாய்களை ஸ்ட்ரெச்சரோடு ஏற்றிக்கொண்டு ஜீப் இறங்கும், இறங்கிய ஜீப் வட ஆபிரிக்க மணலில் இயந்திரத் துப்பாக்கியோடு புறப்படும், பர்மாவில் ரயில் தண்டவாளத்தில் ஏறிப் பெட்டிகளை இழுக்கும், இத்தனைக்கும் பிறகு முழங்கால்காரர் அதே கதிரையில் அதே நோவோடு இருப்பார். மட்டன் ரோலை எடுத்துச் சோற்றுக் குவியலில் ஏற்றிக் காட்டுவார் நிபுணர். "இந்தச் சரிவில வேற எந்த வண்டி ஏறும், சொல்லுங்கோ பாப்பம்?" என்பார். உங்களால் சொல்ல முடியாது. ரோல் ஆறிவிடும்.

"நாப்பதாம் ஆண்டு அமெரிக்க ஆமி நூறு கொம்பனிக்கு மேல கேட்டுப் பாத்தது. பான்ரம் எண்டொரு சின்னக் கொம்பனிதான் ஏழு கிழமையில வண்டியைச் செய்து குடுத்தது. பிறகு என்ன செய்தாங்கள்? அவன் கீறின வண்டிப் படத்தைத் தூக்கி வில்லிஸ், ஃபோர்டு எண்ட பெரிய கொம்பனியளுக்குக் குடுத்திட்டாங்கள். அநியாயம் எல்லோ?"

அந்த அநியாயத்துக்காக அவர் கண் கலங்குவதைப் பலர் கண்டிருக்கிறார்கள். வீட்டு டட்சன் காரைக் குளிர்காலம் முழுவதும் மனைவி கமலாம்பிகைதான் தெருமுனை வரை தள்ளிக் கொடுக்கிறார். அதற்காக நிபுணரின் கண் கலங்கியதாகத் தகவல் இல்லை.

தொண்ணூற்றோராம் ஆண்டு அவருடைய தம்பி பாலேந்திராவுக்கு நோர்பரியில் பெண் பார்த்தார்கள். பெண் தவமலர். தகப்பன் அருள்நேசன் மகளைக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. தேநீர் குடித்தபடி குடும்ப விவரம் பேசியபோது அவர் சொன்னார்: "மூத்தவன் ஒருத்தன் இருந்தவன். எங்கட வீட்டு வாசலில வைச்சு ஆமிக்காரர் ஜீப்பில ஏத்திக்கொண்டு போனவங்கள். பிறகு ஆளைக் காணேல்லை."

கமலாம்பிகை தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். யோகராஜா கதிரையை முன்னே இழுத்தார்.

"அண்ணை, அது ஜீப்தானோ? லாண்ட் ரோவரைக் கண்டாலும் எங்கட சனம் ஜீப் எண்டுதான் சொல்லும். முன் கிரில்லில, அந்த இரும்புத் தட்டியில, எத்தினை வெட்டு இருந்தது, கவனிச்சனீங்களோ?"

அருள்நேசன் கவனித்திருக்கவில்லை. ஒரு நல்ல தகவல் இப்படி வீணாய்ப் போனதே என்று நிபுணருக்கு மெய்யாகவே மனவருத்தம். இத்தனைக்குப் பிறகும் சம்பந்தம் பொருந்தியது என்றால், பையன் நல்லவன் என்பதுதான் காரணம்.

மாப்பிள்ளையை எதில் அழைத்து வருவது? ஊரெல்லாம் வெள்ளை நிற வாடகைக் காரில் வந்து இறங்குகிறது. நிபுணரின் தம்பியும் அப்படி வந்தால் இத்தனை வருட ஆராய்ச்சிக்கு என்ன மரியாதை? பிளேஸ்டோவில் எட்வேட் என்ற வெள்ளைக்காரர் போர்க்கால ஜீப் ஒன்றைத் திருத்திப் பளபளப்பாக வைத்திருந்தார். யோகராஜா போய்க் கேட்டார். எட்வேட் தாடையைத் தடவினார். உங்கள் விருந்தாளிகளுக்கு இராணுவ வண்டி ஒரு சங்கடமாக இராதா என்றார். எங்கள் ஆட்களுக்கு ஜீப் என்றால் உயிர் என்றார் யோகராஜா.

கல்யாணத்தன்று காலை தூறல். நோர்பரி மண்டப வாசலில் பன்னீர்ச் செம்போடு அருள்நேசன் நின்றார். நாதஸ்வரம் தொடங்கியிருந்தது. எட்வேட் ஓட்ட, தெருமுனை திரும்பிப் பச்சை ஜீப் வந்தது, முன்கண்ணாடி மடித்து, பின்னால் போலித் துப்பாக்கி ஒன்று பூட்டி, அதைப் பிடித்தபடி பட்டு வேட்டியும் இரும்புத் தொப்பியுமாக யோகராஜா நிமிர்ந்து நிற்க. தலைப்பாகை நனைய மாப்பிள்ளை முன்னால் இருந்தான். ஜீப் வாசலில் வந்து பிரேக் போட்டது.

மண்டபம் இரண்டாகப் பிரிந்தது. எழுபதுகளில் வந்தவர்கள் நின்று கை தட்டினார்கள். எண்பத்து மூன்றுக் கலவரத்துக்குப் பிறகு வந்தவர்கள் கதிரைகளுக்குக் கீழே கிடந்தார்கள். செம்பு மட்டும் வாசலில் உருண்டது. அருள்நேசனைக் காணவில்லை. மணமகளையும் காணவில்லை.

முகூர்த்தம் முடிய அரைமணி நேரம்கூட இல்லை. தகப்பன் கை பிடித்துக் கொடுக்காமல் கல்யாணம் ஏது? சமையலறை, கழிப்பறை, மேடைத் திரைக்குப் பின்புறம் எல்லாம் தேடினார்கள். கடைசியில் பின்சந்தில், குப்பைத் தொட்டிகளின் மறைவில் கமலாம்பிகைதான் கண்டார். கூறைச்சேலையோடு தவமலர் நனைந்த நிலத்தில் குந்தியிருந்தாள். தகப்பனின் கை அவள் வாயைப் பொத்தியிருந்தது.

நிபுணர் விளக்கம் சொல்லாமல் இருப்பாரா?

"அண்ணை, பயப்பிடாதேங்கோ. இது வேற ஜீப். ஹிட்லரைக் கலைச்ச ஜீப். ஐரோப்பாவில இதைக் கண்டு சனம் பூப் போட்டது."

அருள்நேசன் மெல்ல எழுந்தார். மகளின் சேலையில் ஒட்டிய சேற்றைத் தட்டினார்.

"தம்பி, பூப் போட்ட சனம் வாசலில நிண்டு பாத்தது. நான் கட்டிலுக்குக் கீழ கிடந்து பாத்தனான். எனக்கு ஜீப்பின்ர சில்லு உருண்டது மட்டும்தான் தெரிஞ்சது. அதை எடுப்பியுங்கோ, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாறன்."

யோகராஜா தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய், ஜீப்பைக் கொண்டுபோகும்படி எட்வேட்டிடம் தாமே சொன்னார். சொல்லும்போது அவருக்கு வெட்கமாக இருந்தது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன்.

தாலி கட்டியாயிற்று. ஐயர் நேரத்தை எப்படி இழுத்தார் என்பது ஐயருக்கே தெரியும். வெட்கமோ பாயசம் வரும்வரைகூடத் தாங்கவில்லை. பக்கத்து இலைக்காரரிடம், மண்டப வாசலில் ஜீப் எவ்வளவு சின்ன வட்டத்தில் திரும்பியது என்று நிபுணர் அப்பளத்தால் காட்டிக்கொண்டிருந்தார்.

வாசகரே, அந்த ஜீப் எந்த வருடத்து வண்டி, யார் செய்தது என்று இதுவரை நான் சொல்லவில்லை. ஒரு தகப்பன் மகளின் வாயைப் பொத்திக்கொண்டு மழையில் குந்தியிருந்த நேரத்தில் உங்களுக்கு அந்தக் கேள்வி எழுந்ததா? எழுந்திருந்தால், அடுத்த கல்யாணத்தில் உங்கள் பக்கத்து இலையில் இருப்பவரை நினைத்து நான் இப்போதே இரக்கப்படுகிறேன்.